வாசலில் தோண்டிய தகடு: 3,800 மலேசிய வெள்ளியைக் கொடுக்கலாமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார். பழைய தோட்டத்து நிலத்தில் கட்டிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. கணவருக்கு வேலை போய்விட்டது, மகனுக்குக் காய்ச்சல் விடவில்லை. யாரோ கூட்டி வந்த சாமியார் வாசலில் அரை அடி தோண்டி ஒரு செப்புத் தகட்டை எடுத்தாராம். "மூன்று வருஷத்துச் செய்வினை, கழிக்க 3,800 வெள்ளி" என்றாராம். 500 வெள்ளி முன்பணம் போய்விட்டது. தகட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

சகோதரி, இனி ஒரு காசு கொடுக்காதீர்கள். மகனை இன்றைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப்போய் டிங்கிக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். தகடு காத்திருக்கும்.

சரி, இப்போது தகடு. ஒன்பது கட்டம் இருக்கிறது. மேலே 27, 20, 25. நடுவில் 22, 24, 26. கீழே 23, 28, 21. எப்படிக் கூட்டினாலும், மூலைக்கு மூலை கூட்டினாலும் 72 வரும். இது குபேர யந்திரம். பணம் தங்கட்டும் என்று பூஜையறையில் வைப்பது, வீட்டில் கோலமாகக்கூடப் போடுவார்கள். கெடுதல் செய்ய யாரும் இதைப் புதைக்க மாட்டார்கள்.

நம் ஊர் மழையில் மூன்று வருஷம் மண்ணில் கிடந்த செம்பு கறுத்துப் போயிருக்கும், ஓரமெல்லாம் பச்சை பிடித்திருக்கும். உங்களுடையது பளபளவென்று சிவப்பாக இருக்கிறது. பின்பக்கம் தடவிப் பாருங்கள், எண்கள் புடைத்திருந்தால் அச்சில் அடித்தது, பூஜை சாமான் கடைச் சரக்கு. முப்பது வருஷமாகக் கோயில்களுக்குத் தகடு கீறுகிறேன், கையால் கீறிய கோடு ஒரே ஆழத்தில் ஓடாது.

அந்த ஆளைக் கூட்டி வந்தவர் யார் என்று யோசியுங்கள். அவர்தான் முதலில் வந்து குடும்பக் கதையெல்லாம் கேட்டிருப்பார், அதையே மற்றவர் குறியாகச் சொல்லியிருப்பார், தகடும் அவர்கள் பையில்தான் வந்திருக்கும். அடுத்து எலுமிச்சம்பழத்தை அறுத்து ரத்தம் காட்டுவார்கள். கத்தியில் செம்பருத்திப் பூவைத் தேய்த்துக் காயவைத்தால் புளிப்பு பட்டதும் சாறு சிவக்கும், அவ்வளவுதான். உங்கள் வீட்டுக் கத்தியைக் கொடுத்து அறுக்கச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். தோட்டத்து நிலம் என்கிறீர்கள். சிலையை நிறுத்தும்போது பீடத்துக்கு அடியில் யந்திரத் தகடு வைத்து, சிலை ஆடாமல் ஒட்டிக்கொள்ள அஷ்டபந்தனம் என்ற மருந்தைச் சாத்துவோம். தோட்டம் விற்றுக் கோயிலை இடம் மாற்றும்போது அவசரத்தில் தகட்டை விட்டுப் போனதும் உண்டு. அது கனமாக இருக்கும், ஆறு முனை நட்சத்திரத்துக்குள் சரவணபவ என்றோ வேறு சாமியின் எழுத்தோ இருக்கும், கல் மாதிரி இறுகிய மருந்து ஒட்டியிருக்கும், பக்கத்தில் பழைய செங்கல்லும் கிடக்கும். மரத்தடி முனீஸ்வரனுக்குப் பல இடங்களில் சூலம் மட்டும்தான், தகடே கிடையாது. அப்படி ஒன்று கிடைத்தால் பயப்படாமல், விற்காமல், அந்தக் கோயில் போன இடத்தில் சேர்த்துவிடுங்கள். உங்களுடையது அது இல்லை.

500 வெள்ளிக்கு எந்தப் போலீஸ் நிலையத்திலும் ரிப்போர்ட் செய்யலாம். ஏமாற்றிப் பணம் வாங்குவது குற்றவியல் சட்டம் 420-வது பிரிவில் குற்றம், ஓராண்டிலிருந்து பத்தாண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. ஆனாலும் கவுண்டரில் "நீங்களாகத்தானே கொடுத்தீர்கள்" என்று அனுப்பிவிடப் பார்ப்பார்கள், எத்தனை பேர் இப்படித் திரும்பி வந்து என்னிடம் அழுதிருக்கிறார்கள்! செய்வினைக் கதையில் ஆரம்பிக்காதீர்கள், பொய் சொல்லிப் பணம் வாங்கினார் என்று ஆரம்பியுங்கள், வாட்ஸ்அப் செய்திகளைக் காட்டுங்கள். கோயில் கமிட்டிகளாவது எச்சரிக்கலாம், ஆனால் சில கமிட்டிகள் நன்கொடைக்காக இந்த ஆட்களுக்கே மேடையில் மாலை போடுகின்றன.

தகட்டை அவரிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள், கழுவவும் வேண்டாம், காகிதத்தில் சுற்றி வையுங்கள். போலீஸ் வேலை முடிந்ததும் புளி போட்டுத் தேய்த்துச் சாமி மாடத்தில் வைத்துக்கொள்ளலாம்.