பழைய படமும் ப்ளூ-ரேயும்: கேள்வி பதில்

மார்த்தாண்டம்: அண்ணாச்சி, அமெரிக்காவுல இருந்து மகன் சத்யஜித் ராயோட அபு படங்கள் மூணும் உள்ள கிரைட்டீரியன் நிறுவன ப்ளூ-ரே செட் கொண்டுவந்தான். இங்க வாங்கின பிளேயர்ல ஓடல. டிஸ்க் கெட்டுப்போச்சா?

பதில்: டிஸ்குல குறை இருக்காது, ரீஜன்தான் காரணம், அதாவது எந்தப் பகுதி பிளேயர்ல ஓடலாம்னு டிஸ்குல போடுற பூட்டு. அமெரிக்கா, ஜப்பானுக்கு 'ஏ', ஐரோப்பா, ஆஸ்திரேலியாவுக்கு 'பி', நமக்கு 'சி'. ரீஜன் ஃப்ரீ பிளேயர் வேணும். டிவிடி ரீஜன் வேற பூட்டு, ப்ளூ-ரே ரீஜன் வேற பூட்டு. கடையில ரெண்டையும் தனித்தனியாக் கேளுங்க. 4கே அல்ட்ரா எச்.டி. டிஸ்குல இந்தத் தொல்லை கிடையாது. செட்டை மட்டும் யாருக்கும் கொடுத்துடாதீங்க. 1993-ல லண்டன் லேப் தீயில கருகின நெகட்டிவை ஈரம் ஏற்றி வளைய வச்சு, கிழிஞ்ச இடத்தை ஒட்டி, மீட்க முடியாத பகுதிகளுக்கு வேற பிரதிகளைச் சேர்த்து, 4கே-யில சீரமைச்ச படங்கள் அவை.

ஒழுகினசேரி: எங்க ஊர் என்.எஸ்.கே. படங்கள் எச்.டி.யில வருமா?

பதில்: மூலச் சுருள் இருந்தாத்தான் வரும். 1950-களின் தொடக்கம் வரைக்கும் சுருள் பெரும்பாலும் நைட்ரேட்ங்கிற வகை. சட்டுனு தீப்பிடிக்கும், இல்லேன்னா பிசுபிசுத்துப் பொடியாகும். அதுக்கப்புறம் வந்த அசிடேட் புழுக்கத்துல காடி வாசம் வீசிச் சுருங்கும்.

தக்கலை: யூடியூபுல 'எச்.டி.'ன்னு போட்டிருக்கே, அது போதாதா?

பதில்: அந்த எழுத்தை நம்பாதீங்க. டைட்டில்ல நிறுத்திப் பாருங்க. எழுத்து ஓரம் படிக்கட்டு மாதிரி இருந்தா டிவிடியைப் பெருசாக்கினது. கையை வீசும்போது சீப்புப் பல் மாதிரி கோடு தெரிஞ்சாலும் அப்படியே. முகம் மெழுகு மாதிரி வழவழன்னு இருந்தா, படச்சுருள்ல இயல்பா இருக்கிற மணல் மாதிரிப் புள்ளிகளோட நுணுக்கத்தையும் சேர்த்துத் துடைச்சுட்டாங்கன்னு அர்த்தம்.

தக்கலை: ஆனா அதுல படம் டிவி முழுக்க நிறைஞ்சு வருதே. கறுப்புப் பட்டையோட யார் பாப்பா?

சுசீந்திரம்: அதானே, பெரிய டிவி வாங்கினதே அதுக்குத்தானே.

பதில்: பட்டை குறையில்லை. தமிழ்ல முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமே 1973-ல வந்த ராஜராஜ சோழன்தான். அதுக்கு முந்தினவை பெரும்பாலும் உயரம் 1-க்கு அகலம் 1.37. உங்க டிவி 1.78. அதை நிறைக்க உயரத்துல 23 சதவீதம் வெட்டணும். அரசவையில கிரீட நுனி போயிடும், நாட்டியத்துல சலங்கைக் காலே போயிடும்.

சுசீந்திரம்: வெட்டாம இழுத்தா?

பதில்: ஆள் எல்லாம் குண்டாத் தெரிவாங்க. ப்ளூ-ரேயில பட்டை படத்தோடயே பதிஞ்சிருக்கும், அதனால டிவியை 16:9-லயே விடுங்க. பழைய டிவிடிக்கு மட்டும் 4:3. கூடவே டிவி செட்டிங்ல படத்தை வழவழப்பாக்குற நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அசைவை வழுக்கலாக்குற மோஷன் ஸ்மூத்திங்கையும் அணைச்சுடுங்க.

தக்கலை: எனக்கு இழுத்தாலும் பரவாயில்லை.

பதில்: ஒளிப்பதிவாளர் அளந்து வச்ச படச்சட்டம் (ஃபிரேம்) தம்பி அது. இதுல நான் இறங்கி வர மாட்டேன்.

பத்மநாபபுரம்: எங்க அரண்மனையில எடுத்த மலையாளப் படம் மணிச்சித்ரதாழ் 2024-ல 4கே-யா தியேட்டருக்கு வந்துச்சே, டிஸ்க் வந்திருக்கும்தானே?

பதில்: தியேட்டர் உரிமை வேற, டிஸ்க் உரிமை வேற. ஒண்ணு வந்தா இன்னொண்ணும் வரும்னு எண்ணாதீங்க.

இரணியல்: எச்.டி.ன்னு போட்ட டிவிடி 100 ரூபாய்க்கு...

பதில்: டிவிடியில எச்.டி. கிடையாது. மேலே தக்கலைக்காரருக்குச் சொன்னதைப் படிங்க.

குளச்சல்: கடலோர வீடு. டிஸ்குல பூஞ்சை மாதிரி படியுது.

பதில்: நல்ல தண்ணியில ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு, மைக்ரோஃபைபர் துணி. நடுவுல இருந்து விளிம்புக்கு நேராத் துடைங்க, சுத்திச் சுத்தித் துடைக்காதீங்க. டிவிடியில தகவல் அடுக்கு 0.6 மில்லிமீட்டர் ஆழத்துல இருக்கும், ப்ளூ-ரேயில 0.1 தான், அதனால அதை இன்னும் மெதுவாத் துடைங்க. நிழல்ல நல்லாக் காய்ஞ்ச பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட மூடி போட்ட டப்பாவுல செங்குத்தா வையுங்க.