மாணவர் வளர்ச்சிக் கோட்பாடு மாணவர் நலப் பிரிவு வேலைக்கு உதவுமா?

கல்லூரி மாணவர் நலப் பிரிவில் சேரப் போகிறேன், படித்த கோட்பாடெல்லாம் அங்கே உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகலை முடித்த சூட்டில் கேட்கிறீர்கள் போல. நானும் அப்படித்தான் போனேன்.

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு தனியார் கல்லூரி. மாணவர் எப்படி வளர்கிறார் என்று அமெரிக்கக் கல்வியாளர் சிக்கரிங் 1969இல் சொன்ன ஏழு வளர்ச்சித் திசைகளை (திறமை, உணர்ச்சியைக் கையாள்வது, தன் காலில் நிற்பது என்று போகும்) அச்சடித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். சிரிக்காதீர்கள்.

முதலாமாண்டுப் பையன் ஒருவன் பெரும்பாலான நாள் முதல் பீரியடுக்கு வரமாட்டான். விளையாட்டு, என்.எஸ்.எஸ். எதிலும் இல்லை. கல்லூரி வாழ்க்கையில் எவ்வளவு உழைப்பும் மனதும் போடுகிறானோ அதற்கேற்பத்தான் மாணவன் வளர்வான் என்றார் இன்னொரு அமெரிக்க ஆய்வாளர் ஆஸ்டின், 1984இல். அந்தக் கணக்கில் இவன் பூஜ்யம். கூப்பிட்டு உட்காரவைத்து, நேரத்தைத் திட்டமிடுவது பற்றி அரைமணி நேரம் பேசினேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

செமஸ்டர் கடைசியில் வருகை குறைந்தவர்களின் ஷார்ட்டேஜ் லிஸ்ட் போட வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் கவனித்தேன். ஐப்பசி மழையில் வகுப்பில் பாதிப் பேர் லேட்டாக வந்த நாட்களில், இவன் மட்டும் மணி அடிக்கும் முன்னே வந்திருக்கிறான்.

"மக்ளே, மழை பெய்தா மட்டும் சீக்கிரம் வாற, அது என்ன?"

"மழைன்னா பால்வெட்டு கிடையாது சார். மத்த நாள் மூணு மணிக்கு எழும்பணும். அப்பாக்கு கால் வய்யாம இருக்கு."

முந்நூறு ரப்பர் மரம். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெட்டி முடித்து, சிரட்டை நிறையக் காத்திருந்து, பால் எடுத்து, ரப்பர் ஷீட்டாக உறைய ஊற்றிவிட்டு பஸ் பிடிக்க வேண்டும். இவனுக்குத்தான் நான் நேரத்தைப் பற்றி வகுப்பெடுத்தேன்.

அதன்பிறகு எனக்குக் கைகொடுத்தவர் சான்ஃபோர்டு, அமெரிக்க உளவியலாளர். சவாலும் ஆதரவும் ஒன்றுக்கொன்று ஈடாக இருந்தால்தான் மாணவன் வளர்வான், சவால் மட்டும் மிஞ்சினால் ஒதுங்கிவிடுவான் என்பது அவர் கட்சி. பையனிடம் சவால் மூட்டை மூட்டையாக இருந்தது, நான் இன்னொன்றைத் தூக்கி வைத்தேன். முதல் பீரியட் ஆசிரியரிடம் பேசி, விட்டுப்போன பாடத்தையும் இன்டர்னல் தேர்வையும் மதியத்துக்கு மாற்றினோம். வருகை விஷயத்தில் முதல்வர் அசையவில்லை; வருகைக் குறைவுக்கான காண்டனேஷன் கட்டணம் கட்டித்தான் பரீட்சை எழுதினான். பிப்ரவரியில் இலை உதிர்ந்து வெட்டு நின்றபோது ஒரு பீரியடு விடவில்லை.

அமெரிக்கச் சரக்கு நமக்கெதற்கு என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். மாணவர் சிந்தனை எப்படி முதிர்கிறது என்ற பெரியின் (Perry) கோட்பாடு ஹார்வர்டு மாணவர்களைப் பேட்டி கண்டு எழுதியது, நானும் படித்திருக்கிறேன். கோட்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோட்பாடு தெரியாத ஆட்கள் அவனைச் 'சோம்பேறி' என்றார்கள், தெரிந்த நான் 'ஈடுபாடு குறைவு' என்றேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மாணவனோடு பேசினால் அதற்கு ஜியோடேக் போட்டோ (எடுத்த இடம் பதிவான படம்) வேண்டுமாம், ஃபைலுக்கு. அழுதுகொண்டிருக்கும் பிள்ளையிடம் "இப்படித் திரும்பு" என்று எப்படிச் சொல்வது? கல்லூரியை மதிப்பிடும் குழு வரும் வருடமெல்லாம் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

சேர்ந்த முதல் மாதம் என்னைப் போலக் கோட்பாட்டு அட்டவணை எதுவும் ஒட்டாதீர்கள். பிள்ளைகள் எந்த பஸ்ஸில், எங்கிருந்து வருகிறார்கள் என்று மட்டும் கேட்டு வையுங்கள். விடுதி வேலை என்றால் கதை வேறு, அதைத் தனிக் கேள்வியாகப் போடுங்கள்.