அது வேறு விஷயம் இல்லை, தம்பி

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்கு வயது 34. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். சம்பளம் 38,000. மனைவி வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். மகன் நான்காம் வகுப்பு. போன வருஷம் அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீரில் குறை வைக்கக் கூடாது என்று ஒன்றரைப் பவுன் செயின், பட்டு, தட்டுச் சீர், வேன் என்று 1,45,000 ரூபாயை இரண்டு கிரெடிட் கார்டில் போட்டேன். 14 மாதமாக மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சத் தொகையை மட்டும், தவறாமல் கட்டுகிறேன். லட்சத்துக்கு மேல் கட்டியாகிவிட்டது. பெட்ரோல், மளிகையும் கார்டில்தான். இப்போது பாக்கி 1,86,000. இரண்டுக்கும் சேர்த்து லிமிட் 2,40,000. வட்டி மாதம் 3.5 சதவீதம். முழுசாகக் கட்டாதே, கொஞ்சம் பாக்கி வைத்தால்தான், வங்கிகள் கடன் கொடுக்கும்போது பார்க்கிற சிபில் ஸ்கோர் ஏறும் என்கிறார் கூட வேலை செய்யும் நண்பர். அது சரியா? எவ்வளவு பாக்கி வைக்கலாம்? வீட்டில் மனைவியின் நகை ஐந்து பவுன் இருக்கிறது, ஆனால் கேட்க முடியாது. சீருக்காக இருபது மாதச் சீட்டை எடுத்துவிட்டதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன். அது வேறு விஷயம்.
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தம்பி, ஒரு ரூபாய்கூடப் பாக்கி வைக்கக் கூடாது. நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். கேட்காமல் விட்டது ஒன்று இருக்கிறது. கடைசியில் போகிற போக்கில் எழுதி, "அது வேறு விஷயம்" என்று மூடிவிட்டீர்களே, அந்தச் சீட்டு. இந்தப் பதில் பெரும்பாலும் அதைப் பற்றித்தான். ஆனால் கணக்கைப் பார்க்காமல் அதைப் பேசினால் உங்களுக்கு உறைக்காது.

நம் ஊரில் வட்டியை நூற்றுக்கு மாதம் எவ்வளவு என்றுதான் பேசுகிறோம். ஒரு வட்டி, ரெண்டு வட்டி, மூணு வட்டி. தெரிந்தவர் யாராவது மூணு வட்டிக்கு வாங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டால், அவர் எப்படி மீளப் போகிறாரோ என்று நீங்களே சொல்வீர்கள். உங்கள் கார்டு மூன்றரை வட்டி. வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக நூற்றுக்கு மாதம் 4 ரூபாய் 13 காசு, வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 50 ரூபாய். தெருமுனையில் ஒருவர் இந்த வட்டிக்குக் கொடுத்தால் அவர் மேல் 2003-ஆம் வருஷத்துக் கந்துவட்டிச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம். கார்டு வட்டி அந்தக் கணக்கில் வராது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதையும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. யாராவது வந்து வட்டியைக் குறைப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

உங்கள் பாக்கியான 1,86,000-க்கு ஒரு மாத வட்டி 6,510 ரூபாய். ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 7,680. பாக்கியில் ஐந்து சதவீதம் என்று வைத்தால் மினிமம் டியூ 9,300. கட்டியதில் அசலில் கழிவது 1,620 ரூபாய்தான். பெட்ரோலும் மளிகையும் அதே கார்டில் என்றால் அந்த 1,620 ஒரே வாரத்தில் திரும்ப ஏறிவிடும். லட்சத்துக்கு மேல் கட்டியும் கடன் 1,45,000-லிருந்து 1,86,000 ஆனது இப்படித்தான். இன்றோடு கார்டைத் தொடுவதையே நிறுத்தி, பில்லில் வரும் மினிமத்தை மட்டும் கட்டிக்கொண்டு போனால், இந்தக் கடன் பாதியாகவே ஐந்தாறு வருஷம் ஆகும். இது பில்லிலேயே இருக்கிறது. மினிமம் மட்டும் கட்டினால் கடன் பல மாதம், பல வருஷம் இழுக்கும், வட்டிக்கு வட்டி ஏறும் என்று ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டிலும் எச்சரிக்கை போட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 14 மாதத்தில் ஒரு தடவையாவது அந்த வரி வரைக்கும் படித்தீர்களா?

நாற்பத்தைந்து, ஐம்பது நாள் வட்டியில்லாமல் கிடைப்பதாக எல்லாரும் சொல்கிறார்களே, அது முந்தைய பில்லை முழுசாகக் கட்டியவருக்கு மட்டும்தான். பாக்கி வைத்தவருக்கு அந்தச் சலுகை போய்விடும். இன்று காலை நீங்கள் போட்ட பெட்ரோலுக்கு இன்றிலிருந்தே வட்டி ஓடுகிறது.

ஸ்கோர் விஷயத்தில் நண்பர் சொன்னது தவறு. பாக்கி வைப்பதால் சிபில் ஸ்கோர் ஏறாது. நாள் தவறாமல் கட்டுகிறீர்களா, கொடுத்த லிமிட்டில் எவ்வளவு பங்கைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள், இவைதான் முக்கியமாகப் பார்க்கப்படும். மாதம் ஒரு சின்னத் தொகைக்குக் கார்டைத் தேய்த்து, பில் வந்ததும் முழுசாகக் கட்டினாலே நல்ல பெயர் பதிவாகும். லிமிட்டில் முப்பது சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பார்கள். நீங்கள் முக்கால் பங்கைத் தாண்டி நிற்கிறீர்கள். ஸ்கோருக்காகப் பாக்கி வைத்திருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள், அந்தப் பாக்கிதான் ஸ்கோரை இறக்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் தம்பி, நண்பர் சொன்னதை நீங்கள் இவ்வளவு சீக்கிரம் நம்பியது எதனால் என்று யோசித்துப் பாருங்கள். கடனை முழுசாக அடைக்க வேண்டுமென்றால் வீட்டில் வாயைத் திறக்க வேண்டும். திறக்காமல் தள்ளிப்போட ஒரு காரணம் தேவைப்பட்டது. அதை அவர் கொடுத்தார்.

இப்போது சீட்டுக்கு வருவோம். எடுத்த சீட்டுக்குத் தவணை கட்டியாக வேண்டும், அது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் மாதாமாதம் எட்டாயிரம், ஒன்பதாயிரம் சம்பளத்திலிருந்து காணாமல் போவதை உங்கள் மனைவி கேள்வி கேட்கவில்லை. நல்ல வசதியான பொய். ஆனால் இருபது மாதச் சீட்டுக்கு ஒரு கடைசி மாதம் உண்டு. 14 முடிந்தது, இன்னும் ஆறு. உங்களுக்கு அது மறந்திருக்கலாம், அவருக்கு மறந்திருக்காது. நின்றுகொண்டே துணி பார்க்கிற வேலையில் இருக்கிற பெண், சீட்டு முடிந்ததும் அந்தப் பணத்தில் பையனுக்கு என்ன செய்யலாம், ஒரு ஷிப்டாவது குறைக்கலாமா என்று இப்போதே மனசுக்குள் பிரித்து வைத்திருப்பார். சீட்டு எடுத்த வீட்டுப் பெண்கள் செய்கிற கணக்கு அது. இல்லாத ஒரு பணத்தை நம்பி அவரை ஒன்றேகால் வருஷமாகக் குடும்பம் நடத்த வைத்திருக்கிறீர்கள். இது வேறு விஷயமா?

இன்னொன்றும் சொல்கிறேன். இந்தப் பொய்க்கு விலை இருக்கிறது. வங்கியில் நகைக்கடன் ஆண்டுக்கு 9, 10 சதவீதத்தை ஒட்டிக் கிடைக்கிறது. நம் பேச்சில் சொன்னால் ஒரு வட்டிக்கும் கீழே. இதே 1,86,000-க்கு ஒன்பதரை சதவீதத்தில் மாத வட்டி சுமார் 1,470 ரூபாய். கார்டில் நீங்கள் கொடுப்பது 7,680. மாதம் ஆறாயிரத்துச் சொச்சம் உங்கள் மனைவியின் முகத்தைப் பார்த்து ஒரு உண்மையைச் சொல்லாமல் இருப்பதற்காகப் போகிறது. நகையை "கேட்க முடியாது" என்கிறீர்கள். கேட்க முடியாதபடி கதவை அடைத்தது நீங்கள்தான்.

இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. தங்கை கல்யாணம், வளைகாப்பு, சடங்கு, வீட்டுப் பால்காய்ப்பு என்று காரணம் மாறும், "மனைவிக்குத் தெரியாது" என்கிற வரி மட்டும் மாறாது. எழுதுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பிறந்த வீட்டார் முன்னால் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். தாய்மாமன் மடியில் பிள்ளையை வைத்துக் காது குத்துவது பெரிய உறவு, பெரிய உரிமை. அக்காள் பிள்ளைக்குச் செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சீரை நீங்கள் தனியாகச் செய்யவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு உங்கள் பக்கத்தில் நடந்து வந்தது யார்? அத்தை என்ற முறையில் நின்றது யார்? அந்தத் தட்டில் இருந்தது கடன் என்று அவருக்கு மட்டும் தெரியாது. இது எனக்குப் பொறுக்கவில்லை. குடும்பத்தில் கடன் வாங்கினால் புருஷன் பெண்டாட்டி இருவரும் சேர்ந்து வாங்க வேண்டும், இல்லையென்றால் வாங்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

நீங்களாகச் சொல்லாவிட்டாலும் அவருக்குத் தெரியத்தான் போகிறது. ஒரு மாதம் கம்பெனியில் சம்பளம் தாமதமானால் போதும், வசூல் ஆளிடமிருந்து போன் வந்துவிடும். காலை 8 மணியிலிருந்து இரவு 7 மணி வரைதான் கூப்பிடலாம் என்று விதி இருக்கிறது. அந்த நேரத்துக்குள் போனை எடுப்பது உங்கள் மகனாக இருந்தால்?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இரண்டு கார்டின் ஸ்டேட்மென்ட்டையும் பிரிண்ட் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை, பையன் விளையாடப் போன நேரத்தில், அவர் முன்னால் வையுங்கள். "சீட்டு என்று சொன்னேனே, அப்படி ஒன்று இல்லை" என்று ஆரம்பியுங்கள். வட்டிக் கணக்கு, ஸ்கோர் எல்லாம் அப்புறம். அழுவார், கத்துவார், இரண்டு நாள் பேசாமல் இருப்பார். உன் நல்லதுக்குத்தான் மறைத்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அன்றைக்கே நகையைக் கேட்கவும் கூடாது. அந்த நகை அவருடையது. உண்மையைச் சொன்ன கையோடு நகையைக் கேட்டால், நகைக்காகத்தான் உண்மை வந்தது என்று நினைப்பார். நினைத்தாலும் தப்பில்லை.

அவராகச் சம்மதித்தால் இருவரும் சேர்ந்து வங்கிக்கோ கூட்டுறவு வங்கிக்கோ போங்கள். அடகுக்கடைக்குப் போகாதீர்கள். இன்றைய தங்க விலைக்கு ஐந்து பவுனையும் வைக்க வேண்டியிருக்காது. கடன் அவர் பெயரில் இருக்கட்டும், ரசீது அவர் கையில் இருக்கட்டும். வருஷம் முடிகிறபோது புதுப்பிக்கவோ மீட்கவோ வேண்டும், விட்டால் ஏலத்துக்குப் போகும். இப்போது கட்டுகிற அதே 9,300-ஐ அசலும் வட்டியுமாக மாதாமாதம் அங்கே கட்டினால் 22 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும்.

கார்டை அடைக்கிறபோது பில்லில் இருக்கிற தொகையைப் பார்த்துக் கட்டாதீர்கள். வங்கிக்குப் போன் போட்டு, இன்று அடைத்தால் எவ்வளவு என்று கேட்டுக் கட்டுங்கள். அப்படியும் அடுத்த பில்லில் இடைப்பட்ட நாள்களின் வட்டி கொஞ்சம் வரலாம், அதையும் கட்டுங்கள். பிறகு ஒரு கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதமானால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். மிச்சமிருக்கிற கார்டுக்கு ஆட்டோ டெபிட்டை மொத்தத் தொகைக்குப் போடுங்கள். நிறையப் பேர் மினிமத்துக்குப் போட்டுவிட்டு, எல்லாம் சரியாக நடக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறார்கள். கணக்கில் பணம் இருந்தால் மட்டும் கார்டை எடுங்கள். ஒரு வருஷத்துக்குப் பெட்ரோலும் மளிகையும் கையிலிருக்கிற காசில் நடக்கட்டும்.

கடையில் கார்டைத் தேய்த்து கமிஷன் கொடுத்துக் காசாக வாங்குவது, ஒரு கார்டின் பாக்கியை இன்னொரு கார்டால் கட்டி ரொட்டேஷன் விடுவது, ஏடிஎம்மில் கார்டைப் போட்டு எடுப்பது, இந்த மூன்றின் பக்கமே போகாதீர்கள். நண்பர் அடுத்து அதைத்தான் சொல்லித் தருவார்.

மனைவி நகை தர மறுத்தால் அது அவர் உரிமை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். கார்டு வங்கியிடமே பாக்கியைத் தவணையாக மாற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது சம்பளம் வரும் வங்கியில் தனிநபர் கடன் கேளுங்கள். நகைக்கடனைவிட வட்டி கூடத்தான் இருக்கும், ஆனாலும் இப்போது கொடுப்பதில் பாதிக்கும் கீழே முடியக்கூடும். செயல்பாட்டுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

அக்காவிடம் செயினைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். கொடுத்தது கொடுத்ததுதான். ஆனால் அங்கே அடுத்த விசேஷம் வரும்போது என்ன செய்யப் போகிறோம் என்பதை உங்கள் மனைவி சொல்லட்டும், நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். கடன் முடிந்த மாதத்திலிருந்து பதிவு பெற்ற சீட்டு நிறுவனத்தில் அவர் பெயரில் நிஜமாகவே ஒரு சீட்டுப் போடுங்கள்.