அந்தக் ‘கள்ள’ எதற்கு?

கேள்வி: ஹூஸ்டனில் உணவகம் நடத்துகிறேன். அடுத்த தெருக் கடைக்காரர் கள்ளக் குடியேறிகளை அரைச் சம்பளத்துக்கு வைத்துச் சமையற்கட்டை ஓட்டுகிறார். அமெரிக்கக் குடிமகனான நான் அவர்மேல் வழக்குப் போட முடியுமா?
- ஒரு வாசகர், ஹூஸ்டன்

பதில்: முதலில் அந்தக் ‘கள்ள’வை எடுத்துவிடுங்கள். அதனோடு எனக்குப் பழைய தகராறு. கள்ளச்சாராயம் என்றால் காய்ச்சியவனைப் பிடிக்கிறோம். கள்ளச்சந்தை என்றால் பதுக்கியவனைத் திட்டுகிறோம். குடியேறி விஷயத்தில் மட்டும் பாத்திரம் கழுவுகிறவன் கள்ளன், அவன் உழைப்பைப் பாதி விலைக்கு வாங்குகிறவர் முதலாளி! இலங்கை மலையகத்தில் காட்டை அழித்துத் தோட்டம் போட்ட நம் மக்களைக் ‘கள்ளத்தோணி’ என்று ஏசினார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து நாடற்றவர்களாக்கினார்கள். அவர்கள் பறித்த கொழுந்தைக் கள்ளத் தேயிலை என்று யாரும் ஒதுக்கவில்லை.

உங்கள் டெக்சாஸ் கதையும் அதுதான். அனுமதியில்லாதவருக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றம், ஆனால் வேலை கொடுப்பது அடைக்கலம் ஆகாது என்று 1952 சட்டத்தில் ஒரு விலக்கு வைத்தார்கள். பண்ணை முதலாளிகளுக்காக வைத்தது. ‘டெக்சாஸ் விலக்கு’ என்றே அதற்குப் பெயர். 1986இல் அதிபர் ரேகன் கையெழுத்திட்ட சட்டம்தான் வேலைக்கு வைப்பதையும் குற்றமாக்கியது. அதிலும் ‘தெரிந்தே’ வைத்திருக்க வேண்டும். காட்டிய அடையாள அட்டை பார்வைக்கு அசலாக இருந்தது என்று சொல்லி முதலாளி நழுவிவிடலாம்.

அந்தச் சட்டத்தின்கீழ் நீங்கள் வழக்குப் போட முடியாது. கையெழுத்திட்டுப் புகார் எழுதலாம், நடவடிக்கை அரசாங்கத்தின் கையில். இன்னொரு வழி, மாஃபியாவை ஒடுக்க 1970இல் வந்த ரிகோ சட்டம். 1996இல் குடியேற்றக் குற்றங்களையும் அதில் சேர்த்தார்கள். நிரூபித்தால் மூன்று மடங்கு நஷ்டஈடு. அனுமதியில்லாதவர்களை எடுத்து எங்கள் கூலியை அமுக்குகிறார்கள் என்று ஜார்ஜியாவில் மோஹாக் கம்பளக் கம்பெனித் தொழிலாளர்கள் 2004இல் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய்வந்து, 2010இல் கம்பெனி 1.8 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அவர்கள் கூலி இழந்த தொழிலாளர்கள். நீங்கள் போட்டிக் கடைக்காரர். போட்டியாளர் தன் நஷ்டம் நேரடியாக அந்தக் குற்றத்தால்தான் வந்தது என்று காட்ட வேண்டும் என்பதில், வேறொரு ரிகோ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் தந்த தீர்ப்புக்குப் பிறகு நீதிமன்றங்கள் கறார்.

குடியேற்றத் துறைக்கு எழுதினால் முதலில் வண்டியில் ஏறப்போவது பாத்திரம் கழுவுகிறவர்தான். அரைச் சம்பளம் என்றீர்களே, அதைப் பிடியுங்கள். மணிக்கு 7.25 டாலர், வாரம் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு என்ற மத்திய ஊதியச் சட்டம் காகிதம் இல்லாதவருக்கும் உண்டு. தொழிலாளர் துறைக்கு எழுதுங்கள். பாக்கிக் கூலியைக் கொடுக்க வேண்டி வந்தால் அவருடைய மலிவு அங்கேயே தீர்ந்தது.

உங்கள் சமையற்கட்டில் அந்த ஒன்றரை மடங்கு கொடுக்கிறீர்களா? அடுத்த கடிதத்தில் அதையும் எழுதுங்கள்.