பூவிலேயே பிரிக்ஸ் பார்ப்பது

அன்புள்ள அண்ணா,

வணக்கம். மூன்று வருஷமாக உங்கள் தளத்தைப் படிக்கிறேன். உங்கள் கதைகளை விட, ஹார்மோனியத்தோடு நீங்கள் மல்லுக்கட்டுவதைப் பற்றி எழுதும் குறிப்புகள்தான் எனக்கு நெருக்கம். கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் லேப் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் போச்சம்பள்ளி பக்கம். கிடார் வாசிப்பேன். பாட்டு எழுதி மெட்டுப் போடுவேன். யாரிடமும் முறையாகக் கற்றதில்லை.

போன பிப்ரவரியில், 28 நாளில் 14 பாட்டு எழுதும் சவாலில் சேர்ந்தேன். பதினாலும் எழுதிவிட்டேன். ஆனால் ஒன்றைக்கூட ஒழுங்காகப் பதிவு செய்யவில்லை. இரண்டைத் தொடங்கி, குரல் பிடிக்காமல் அழித்து, மறுபடி பாடி, அதற்குள் மே கடைசி வந்து சீசன் ஆரம்பித்துவிட்டது. சீசனில் எங்களுக்கு இரவு பகல் கிடையாது. இந்தப் பிப்ரவரியிலும் சேரலாமா, இல்லை பழையதை முடித்துவிட்டுத்தான் புதியதைத் தொட வேண்டுமா? நடுவில் நண்பன் ஒருவன் குறும்படத்துக்குப் பின்னணி இசை கேட்கிறான். என் பெரியப்பா பாரதக் கூத்தில் பின்பாட்டுப் பாடியவர், வயது 74. அவர் பாட்டுகளைப் பதிந்து, கிடாரோடு சேர்த்து ஆல்பமாகச் செய்ய வேண்டும் என்று நாலு வருஷமாக நினைப்பு. எல்லாம் பாதியில் கிடக்கிறது. ராத்திரி உட்கார்ந்தால் எதைத் திறப்பது என்று தெரியாமல் போனைப் பார்த்துவிட்டுத் தூங்கிவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. நல்ல கண்டென்சர் மைக் எது வாங்கலாம்?

(பெயர் போட வேண்டாம். ஃபேக்டரியில் இரண்டு பேர் உங்களைப் படிக்கிறார்கள்.)

*

அன்புள்ள தம்பி,

ஃபேக்டரியில் என்னைப் படிக்கும் அந்த இரண்டு பேருக்கும் என் வணக்கம்.

முதலில் பதினாலு பாட்டு. அந்தச் சவால் 2004-இல் அமெரிக்காவில் சில நண்பர்கள் தொடங்கியது. நம் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதும் அதே 2004 பிப்ரவரியில்தான் என்பதால் எனக்கு வருஷம் மறப்பதில்லை. கணக்குப்படி இரண்டு நாளைக்கு ஒரு பாட்டு. இரண்டு நாளில் நல்ல பாட்டு வருமா என்று கேட்டால் பெரும்பாலும் வராது. வர வேண்டும் என்பதும் அதன் நோக்கம் இல்லை. நல்லதா கெட்டதா என்று யோசிக்க நேரம் தராமல் எழுத வைப்பதுதான் அதில் உள்ள தந்திரம்.

இப்போது தை மாதம். போச்சம்பள்ளி போகும் வழியில் மாமரங்களைப் பார்த்திருப்பீர்கள், பூத்து நிற்கின்றன. ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ. காயாகி, பழமாகி நிற்பது ஒன்றோ இரண்டோ. மீதிப் பூ கொட்டியதற்காக எந்தத் தோட்டக்காரரும் மரத்தைத் திட்டுவதில்லை. நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றால், வேலை லேப்பில் என்பதாலோ என்னவோ, பழக்கூழில் இனிப்பை அளக்கப் பார்க்கும் பிரிக்ஸைப் பூவிலேயே பார்க்கிறீர்கள். பதினாலு பாட்டையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் பதிந்து முடிக்காதது ஏதோ கடன் பாக்கி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அதில் பன்னிரண்டைப் பதிவு செய்யவே வேண்டாம் என்பது என் கருத்து.

எந்த இரண்டு என்பதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். நோட்டைப் பார்க்காமல், கிடாரைத் தொடாமல், பைக்கில் போகும்போது எந்தப் பாட்டின் பல்லவி தானாக வாயில் வருகிறது? ஒரு வருஷம் கழித்தும் வருகிறதென்றால் அது நின்ற காய். சரணம் மறந்து தத்தகாரமாக மட்டும் வந்தாலும் பரவாயில்லை, மெட்டு நின்றிருக்கிறது. வார்த்தையை மாற்றிக்கொள்ளலாம். நம் ஊரில் மெட்டுக்குப் பாட்டு எழுதுவது ஒன்றும் புதிது இல்லையே.

அடுத்து, நீங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் விஷயம். எழுதுவதும் பதிவதும் ஒரே வேலையின் இரண்டு பாகம் என்று நினைக்கிறீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். போன வருஷம் நாலு நிமிஷப் பாட்டு ஒன்றைப் பதிந்தபோது, எவ்வளவு நேரம் போகிறது என்று வேண்டுமென்றே குறித்து வைத்தேன். மொத்தம் பதினோரு மணி நேரம், மூன்று வாரத்தில். அதில் நான் பாடியது, வாசித்தது எல்லாம் சேர்த்தால் இரண்டரை மணி நேரம் இருக்கும். மீதியெல்லாம் ஃபேனை நிறுத்துவது, வேர்த்துப் போய் மறுபடி போடுவது, எங்கிருந்தோ வரும் ‘ஊம்’ சத்தத்தைத் தேடி கடைசியில் அது ஃப்ரிட்ஜ் என்று கண்டுபிடிப்பது, ப்ளூடூத் ஹெட்போனில் என் குரல் எனக்கே தாமதமாகக் கேட்டு தாளம் தப்புவது (வயர் உள்ளதை மாட்டியதும் சரியாகிவிட்டது), ஒரு இடத்தில் கத்திப் பாடி லெவல் சிவப்பைத் தொட்டு அந்த டேக்கே வீணாவது. டேப்பில் கொஞ்சம் மீறினால் ஒரு மாதிரி சமாளிக்கலாம். டிஜிட்டலில் உச்சியில் வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். அதனால் பதிவுத் தரத்தை 24 பிட்டில் வைத்துக்கொண்டு, உரக்கப் பாடும் இடம்கூட லெவல் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் அடக்கிப் பதியுங்கள். பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

இது கணக்கெழுதும் புத்தி. பாட்டு எழுத வேண்டியது வேறு புத்தி, கொஞ்சம் பொறுப்பில்லாத புத்தி. இரண்டையும் ஒரே ராத்திரி கூப்பிட்டால் கணக்குப்பிள்ளைதான் ஜெயிப்பான். நீங்கள் குரல் பிடிக்காமல் அழித்தீர்களே, அன்றைக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். பாடிக்கொண்டே கேட்டிருக்கிறீர்கள். பதிந்ததை அன்றே கேட்காதீர்கள். மூடி வைத்துவிட்டு நாலு நாள் கழித்துத் திறங்கள். அழிப்பது மட்டும் கூடவே கூடாது.

அதனால் ராத்திரியைப் பிரிக்காமல் வருஷத்தைப் பிரித்துப் பாருங்கள். உங்கள் வருஷம் ஏற்கனவே பிரிந்துதான் இருக்கிறது. பிப்ரவரியில் எழுதுங்கள், தாராளமாகச் சேருங்கள். மே கடைசியிலிருந்து சீசன் முடியும் வரை பாட்டைப் பற்றி எந்தத் திட்டமும் வேண்டாம். ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஏதாவது தோன்றினால் போனில் முப்பது விநாடி முனகி வையுங்கள், அவ்வளவுதான். அதைக்கூடச் செய்யாவிட்டால் குற்றவுணர்ச்சி வேண்டாம். பதிவை மழைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழியில் நம் பக்கம் ஃபேன் தேவைப்படாது. பதிவுக்கு இதை விடப் பெரிய வசதி கிடையாது. மார்கழியில் விடியற்காலை கோயில் ஸ்பீக்கர் மட்டும் ஒரு தொல்லை, அதற்கு ராத்திரி பத்து மணி. நீங்கள் குடியிருப்பது நெடுஞ்சாலைப் பக்கம் என்றால் ராத்திரியில் லாரி. சரி, ஆளில்லாத ஞாயிறு மதியம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதன் முன்னால் நின்று பாடினால் அறையின் எதிரொலி பாதி அடங்கிவிடும். செலவில்லாத ஸ்டுடியோ.

நண்பரின் குறும்படம்: எத்தனை நிமிஷம் இசை வேண்டும், எந்தத் தேதிக்கு வேண்டும், படம் எடிட் முடிந்துவிட்டதா என்று மூன்று கேள்வி கேளுங்கள். எடிட் முடியவில்லை என்றால் முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். பெரும்பாலும் வரமாட்டார். வந்தால், உங்கள் பதினாலில் நிற்காமல் போன பன்னிரண்டில் ஒன்றை வார்த்தையை எடுத்துவிட்டுக் கொடுங்கள். நட்பு கெடாமல் இருக்க, அந்த இசை யாருக்குச் சொந்தம் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி பெரியப்பா. கடிதத்தில் அவரைக் குறும்படத்துக்கும் மைக்குக்கும் நடுவில் வைத்திருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் மற்றதெல்லாம் அவருக்குப் பின்னால்தான். உங்கள் பாட்டு அடுத்த மார்கழிக்கும் இருக்கும். பதினெட்டு நாள் பாரதத்தில் ராத்திரி தொடங்கி விடியும்வரை மைக் இல்லாமல் பாடிய குரல், எழுபத்து நாலு வயதில் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இதில் நான் செய்த முட்டாள்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு, பென்னாகரம் பக்கத்துப் பம்பைக்காரர் ஒருவரை சேலத்தில் ஒரு ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனேன். என் பாட்டு ஒன்றுக்கு நடுவில் பம்பை வேண்டும் என்று எனக்கு ஆசை. கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, ஒரே வேகத்தில் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 96 தட்டில் ஓடவிட்டோம். பெரியவர் கொஞ்சம் அடித்தார், நிறுத்தினார். மறுபடி அடித்தார், நிறுத்தினார். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, “யாருப்பா அது, நடுவுல நடுவுல தட்டறது?” என்றார். பம்பை மெதுவாகத் தொடங்கி, ஏறி ஏறி, சாமி இறங்கும் வேகத்துக்குப் போகிற வாத்தியம். அதைப் போய் நான் 96-இல் கட்டி வைத்திருக்கிறேன். பாவம், எனக்காக அந்த டிக் டிக்கோடு ஒட்டி அடித்துக் கொடுத்தார். துல்லியமாக இருந்தது. வெளியே டீ குடிக்கும்போது, “இந்த அடிக்கு எந்தச் சாமியும் வராது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு தொழில்காரர் தகவல் சொல்வது போலச் சொன்னார். அந்தப் பதிவை நான் எங்கேயும் பயன்படுத்தவில்லை. அவர் ஊர்க் கோயிலில் அடித்ததை ஒரு தடவை போனிலாவது எடுத்திருக்கலாம். எனக்கு அப்போது தோன்றவே இல்லை. எனக்கு வேண்டியது அவர் அல்ல, என் பாட்டுக்கு நடுவில் ஒரு சத்தம்.

அதனால்தான் உங்கள் ‘கிடாரோடு சேர்த்து ஆல்பம்’ என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. ஆல்பம் பிறகு. நாலு வருஷமாக இது தள்ளிப்போவதற்கே அந்த ஆல்பம்தான் காரணம் என்று சந்தேகப்படுகிறேன். வருகிற ஞாயிறு போச்சம்பள்ளி சந்தைக்குப் போகிற சாக்கில் ஊருக்குப் போங்கள். சாயங்காலம், அவர் வழக்கமாக உட்காரும் திண்ணையோ கட்டிலோ, அங்கேயே உட்காரட்டும். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், அவரிடமிருந்து ஒரு கை தூரத்தில் வையுங்கள். யாராவது தாளம் போட்டால் அவரை நாலைந்து அடி தள்ளி உட்காரச் சொல்லுங்கள். வெண்கலத் தாளம் கணீரென்று கேட்கும் போதெல்லாம் போன் தானாக லெவலைக் குறைத்துவிடும், குரல் அமுங்கிப்போகும்.

முதலில் பேச்சு. எந்த வாத்தியாரிடம் கற்றார், எந்தெந்த ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் பாடினார், எந்தக் கட்டத்துக்கு ஜனம் அழும். பாட்டுக்கு நடுவில் இருமினால், மறந்துபோய் நிறுத்தினால், “அட, அடுத்த அடி என்னடா” என்று யோசித்தால் அதுவும் ஓடட்டும். துரியோதனன் படுகளத்தைக் கேட்க மறக்காதீர்கள். கோழியையும் நாயையும் விரட்ட வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். யூடியூபில் போடுவதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். பாட்டு பழைய மரபாக இருந்தாலும், பாடியவர் என்ற முறையில் அவருக்குச் சட்டப்படியே உரிமை உண்டு. கிடாரைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். யோசிக்கும்போது, அவர் எத்தனை கட்டையில் பாடியிருக்கிறாரோ அதற்குக் கிடாரின் கம்பியை இறக்கியோ ஏற்றியோ நீங்கள்தான் அவர் பக்கம் போக வேண்டும். அவர் குரலை இழுத்து உங்கள் கம்பிக்குச் சரிசெய்கிற மென்பொருள் உங்கள் கணினியில் இருக்கும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மைக். இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். கண்டென்சர் மைக் நல்ல காது உள்ள பிராணி, நெடுஞ்சாலையில் போகும் லாரியின் ஏர் ஹாரனையும் சேர்த்தே கேட்கும். அதற்கு 48 வோல்ட் கொடுக்க ஒரு இண்டர்ஃபேஸ் பெட்டியும் வேண்டும். உங்கள் அறைக்கு டைனமிக் மைக் போதும். வாயருகே வைத்துப் பாடினால் தூரத்துச் சத்தத்தை அவ்வளவாக எடுக்காது. என்னிடம் ஒன்று பரணில் கிடக்கிறது. அடுத்த தடவை தர்மபுரி பக்கம் வந்தால் எடுத்துப் போங்கள். அதன் வயரை எலி கடித்துவிட்டது, வயர் மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். வரும்போது பெரியப்பா பாடியதைப் போனில் கொண்டு வாருங்கள். எதையும் வெட்டாமல்.

அன்புடன்.