பெரணிச் செடியின் இலை நுனிகள் ஏன் கருகுகின்றன? இலையின் அடியில் இருக்கும் பழுப்புப் புள்ளிகள் பூச்சியா?

முதலில் புள்ளிகள். நடு நரம்புக்கு இருபுறமும் வரிசை பிசகாமல் இருந்தால் அவை பூச்சி அல்ல, வித்துப் பைகள். பெரணி பூப்பதும் இல்லை, காய்ப்பதும் இல்லை. அந்த வித்துத் தூளால்தான் பெருகுகிறது. செதில் பூச்சியாக இருந்தால் தண்டிலும் தாறுமாறாக ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும், இலை பிசுபிசுக்கும். பார்க்காமல் மருந்து அடித்துவிடாதீர்கள்.

நுனி கருகுவதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. நீங்களும் சென்னையில் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பித்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் ஏற்காட்டிலிருந்து மூன்று தொட்டி பாஸ்டன் பெரணி வாங்கி வந்தேன். தண்ணீர் வீணாகக் கூடாது என்று ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரைப் பிடித்து நாள்தோறும் ஊற்றினேன். இரண்டே மாதத்தில் நுனிகள் கருகின. தண்ணீர் போதவில்லை என்றார்கள், இன்னும் ஊற்றினேன். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்தது. ஒரு தொட்டி வேர் அழுகிச் செத்தே போனது. பிறகு என் மைத்துனர், நீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் கொண்டுவந்து பார்த்தார். குழாய் நீர் லிட்டருக்கு 900 மில்லிகிராம். கழிவு நீர் 1,500க்கு மேல். வடிகட்டி ஒதுக்கிய உப்பையெல்லாம் நான் செடிக்குக் கொடுத்திருக்கிறேன்.

“எங்கள் வீட்டுச் செடிகளுக்கு அதைத்தான் ஊற்றுகிறோம், ஒன்றும் ஆகவில்லை” என்று யாராவது எழுதக்கூடும். தென்னை தாங்கும், பெரணி தாங்காது. நேர் வெயிலும் மிகுதியான உரமும்கூட நுனியைக் கருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிழலில் வைத்து, உரமே போடாமல் கருகினால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்.

கருகிய இலை மறுபடி பச்சையாகாது, வெட்டிவிடுங்கள். மழைநீரை அடித்துளை வழியாக நன்றாக வடியும்வரை ஊற்றி உப்பைக் கழுவுங்கள். களிமண்ணை மாற்றி மட்கிய இலையும், அலசிய தென்னை நார்க் கழிவும் போடுங்கள். எனக்கு ஐந்தாறு வாரத்தில் நடுவிலிருந்து புதுச் சுருள்கள் வந்தன.

மழைநீருக்கு எங்கே போவது என்பீர்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003இல். எங்கள் குடியிருப்பில் அந்தக் குழியை உடைந்த ஓடுகளால் மூடி மேலே கார் நிறுத்துகிறார்கள். மொட்டை மாடியில் ஒரு டிரம் வைக்கக் கேட்டேன். கொசு வரும் என்று மறுத்துவிட்டார்கள். வலை கட்டி மூடுகிறேன் என்று சொல்லியும் கேட்கவில்லை. அதே ஆட்கள் பெரும் செலவில் தண்ணீரை மென்மையாக்கும் கருவி வாங்கியிருக்கிறார்கள். அது சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. பெரணிக்குச் சோடியம் சுண்ணாம்பைவிடக் கேடு. விண்ணில் இருந்து இலவசமாக இறங்குவதைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு இப்படிச் செலவு செய்கிறார்களே என்று இன்றும் எனக்கு ஆறவில்லை.

போன ஐப்பசி அடைமழையில் பால்கனிக் குழாயின் கீழே வாளி வைத்து, இருபது லிட்டர் கேன்கள் பத்தை நிரப்பினேன். மிஞ்சிய இரண்டு தொட்டிக்கும் அது சித்திரை வரை வந்தது.