பர்மா அரக்குப் பாத்திரம் உரிகிறது, வார்னிஷ் அடிக்கலாமா?

தாத்தா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த, கோபுர மூடி வைத்த சிவப்புப் பாத்திரம் உரிகிறது, வார்னிஷ் அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். அது ‘ஸூன் ஓக்’. பௌத்த மடத்துக்குச் சோறும் பழமும் கொண்டுபோய்ப் படைக்கும் பாத்திரம். நாம் அரக்கு என்கிறோமே தவிர, இது பூச்சி அரக்கு அல்ல. தித்சி என்ற மரப்பால். பெரும்பாலும் உள்ளே மூங்கில்தான். காற்று வறண்டால் மூங்கில் சுருங்கும், மேல்பூச்சு பிளக்கும். ஏசிக் காற்றும் வெயிலும் படாத இடத்துக்கு மாற்றுங்கள். புளி போட்டுத் தேய்க்க இது பித்தளை இல்லை! மெல்லிய தூரிகையால் தூசு தட்டினால் போதும். அதில் பதித்த கண்ணாடிச் சில்லு உதிர்ந்தால் பசை போடாமல் டப்பியில் எடுத்து வையுங்கள். மூடியை நுனியைப் பிடித்துத் தூக்காதீர்கள்; என் பெரியம்மா வீட்டுப் பாத்திரத்தின் நுனி அப்படித்தான் கையோடு வந்துவிட்டது.